முதுமையை ஆராயும் மருத்துவர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோலாலம்பூரில் முதியோர் மருத்துவர். வாரத்தில் பாதி நோயாளிகளோடு போகும், மீதி ஆய்வுக்கூடத்திலும் மருந்துச் சோதனைகளிலும். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று கோயில் மண்டபங்களில் முதுமை பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். பேசி முடித்ததும் பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோர் ஒரு பக்கம் நிற்பார்கள். "இந்த ஊசி போட்டுக்கலாமா டாக்டர்?" என்று விளம்பரத் தாளை நீட்டும் பெரியவர்கள் இன்னொரு பக்கம். இரு சாராரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இளமையைத் திரும்பக் கொடுக்கும் டாக்டர் என்கிறார்களே, உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

இளமையைத் திரும்பக் கொடுக்க யாராலும் முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். வயதாகும்போது உடம்பில் எது முதலில் தளர்கிறது, அதை எவ்வளவு தள்ளிப்போடலாம், கெட்டுப்போன திசுவை எங்கெல்லாம் சரிசெய்யலாம் என்று பார்ப்பதுதான் என் வேலை.

ஆதாரத்தோடு பதிவான மிக நீண்ட ஆயுள் பிரான்ஸைச் சேர்ந்த ழான் கல்மான் என்ற அம்மையாருடையது. 122 வயது வரை வாழ்ந்து 1997-ல் காலமானார். அந்த எண்ணை முந்துவதில் எனக்கு அக்கறை இல்லை. 80 வயதுப் பாட்டி யார் தயவும் இல்லாமல் எழுந்து குளிக்க வேண்டும், தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படி ஏற முடியாவிட்டாலும் ஆற்றங்கரை வரை தன் காலால் நடந்து போய்வர வேண்டும். இந்த அக்கறையில்தான் என் ஆய்வு முழுக்க நடக்கிறது.

ஒருவருக்கு எவ்வளவு மூப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? இரத்தப் பரிசோதனையா?

இரத்தமும் எடுப்போம். ஆனால் கிளினிக்கில் எனக்கு அதிகம் சொல்வது ஒரு நாற்காலி. கைப்பிடி இல்லாத, நேர் முதுகுள்ள சாதாரண நாற்காலி. இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் சேர்ந்து 2019-ல் திருத்திய அளவுகோலின்படி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் செயல்திறன் குறைந்துவிட்டது என்று பொருள். கையால் அழுத்தும் ஒரு கருவியும் உண்டு. அதில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் பிடிவலு குறைவு.

வினாடியைத் தாதி எண்ணுவார், நான் கையைப் பார்ப்பேன். முதல் இரண்டு முறை எல்லோரும் விறைப்பாகத்தான் எழுவார்கள். மூன்றாவது முறை தோள் முன்னால் சாயும், கட்டிய கை தானாக அவிழ்ந்து தொடையை ஊன்றப் பார்க்கும். "கை வேண்டாம்மா" என்றால் ஒரு சிரிப்பு. அந்தக் கை அவிழும் இடம்தான் எனக்குத் தகவல். வீட்டுக் கழிப்பறையில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

மரபணுவின் மேல் படியும் வேதிக் குறிகளை வைத்து வயதைக் கணக்கிடும் முறை ஒன்றை ஸ்டீவ் ஹோர்வாத் 2013-ல் வெளியிட்டார். ஆயிரம் பேரை ஒப்பிடும் ஆய்வுக்கு அது நல்ல கருவி. "உங்கள் உடம்பின் உண்மையான வயது 47" என்று ஒருவருக்கு அச்சடித்துக் கொடுத்து, அதை வைத்து மாத்திரை விற்பது வேறு விஷயம். அந்த எண்ணுக்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

செல்லுக்கும் வயதாகுமா?

ஆகும். இது தெரியவரவே அரை நூற்றாண்டு பிடித்தது. அலெக்சிஸ் கேரல் என்ற நோபல் பரிசு பெற்ற மருத்துவர் 1912-ல் கோழிக் கருவின் இதயத் திசுவை வளர்க்கத் தொடங்கினார். அந்தச் செல்கள் பல ஆண்டுகள் பெருகிக்கொண்டே இருப்பதாக அறிவித்தார். பெரிய பெயர் என்பதால் உலகம் நம்பியது. மற்றவர்களின் ஆய்வுக்கூடத்தில் செல்கள் செத்தபோது தங்கள் கைப்பக்குவம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். 1961-ல் லெனர்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதச் செல்கள் ஏறக்குறைய 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் குறைவது அதற்கு ஒரு காரணம். அந்த நுனிகள் பற்றிய கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் கிடைத்தது.

என் ஆய்வுக்கூடத்தில் இதைத் தினமும் பார்க்கிறேன். இளம் தோல் செல்கள் மெல்லிய கதிர்களாக ஒரே திசையில் அணிவகுத்திருக்கும், இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில் சில நாளில் தட்டை நிரப்பிவிடும். பலமுறை பிரித்து மாற்றிய பிறகு அதே வம்சத்துச் செல்கள், கல்லில் வீசி விரித்த ரொட்டி சானாய் மாவு போல் அகலமாகப் பரவிக் கிடக்கும். சாகவும் சாகாது, பெருகவும் பெருகாது. சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, பக்கத்துச் செல்களை உறுத்தும் அழற்சிப் பொருள்களையும் கசியவிடும். இப்படிப்பட்ட செல்களை உடம்பிலிருந்து நீக்கினால் என்ன ஆகும் என்பது இன்று இந்தத் துறையின் பெரிய கேள்விகளில் ஒன்று.

நீக்க மருந்து வந்துவிட்டதா? மெட்ஃபார்மின் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்கிறார்களே?

எலிகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த குழுவினர் 2011-ல் மரபணு வழியாகவும், 2015-ல் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து இரண்டு மருந்துகளைக் கலந்தும் முதிர்ந்த செல்களை எலிகளில் குறைத்துக் காட்டினார்கள், எலிகளின் நலம் மேம்பட்டது. ஆனால் முட்டித் தேய்மானம் உள்ள மனிதர்களுக்கு அதே வகை மருந்து ஒன்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது, 2020-ல் வந்த முடிவில் மருந்தில்லாத ஊசியைவிட அது வலியைக் குறைக்கவில்லை. எலிக்கும் மனிதருக்கும் நடுவில் நிறைய மருந்துகள் இப்படித்தான் நின்றுவிடுகின்றன.

மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்கு அருமையான மருந்து. நம் வீடுகளில் பாதிப் பேர் அலமாரியில் இருக்கும். சர்க்கரை இல்லாதவர் இளமைக்காகச் சாப்பிட வேண்டுமா என்பதற்கு ஆதாரம் இன்னும் இல்லை. இன்னொரு பக்கமும் உண்டு: 2019-ல் வெளியான ஒரு சோதனையில் 65 வயதைத் தாண்டியவர்கள் 14 வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்குத் தசை குறைவாகத்தான் கூடியது. அதற்காகச் சர்க்கரை உள்ளவர்கள் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கு வேறு, கட்டுப்படாத சர்க்கரை தசையை இன்னும் மோசமாகத் தின்னும்.

ராபமைசின் கதை எனக்கு மிகப் பிடித்தது. 1964-ல் ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர்தான் அதன் மூலம். இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேன் சேகல் அதைப் பிரித்தெடுத்தார். நிறுவனம் அந்த வேலையைக் கைவிட்டபோதும் அவர் மாதிரியைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். 1999-ல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அது அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2009-ல், நடு வயதைத் தாண்டிய எலிகளுக்குக் கொடுத்தாலும் ஆயுள் கூடுகிறது என்று மூன்று ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே செய்து காட்டின. ஆனால் அது நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து. மனிதருக்கு எந்த அளவு, எத்தனை நாள் இடைவெளி என்பதெல்லாம் இப்போதுதான் சோதனையில் இருக்கிறது. நண்பர் சொன்னார் என்று இணையத்தில் வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.

சித்தர்களின் காயகற்பம்?

அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த காலத்திலிருந்து நம்மிடம் இருக்கும் ஆசை இது. நான் அதைக் குறைவாக நினைப்பதில்லை. மலேசியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மூலிகை, மூச்சுப் பயிற்சி, பத்தியம் என்ற அளவில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பம், செந்தூரம் என்று வரும்போதுதான் பயம். 70 வயதுச் சிறுநீரகம் அதைத் தாங்காது. என்ன சாப்பிடுகிறீர்களோ, டப்பாவோடு கொண்டுவந்து காட்டுங்கள். திட்ட மாட்டேன்.

செம்பனை எண்ணெயில் (பாமாயில்) இளமை மருந்து இருப்பது உண்மையா?

செம்பனையில் வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோகோட்ரையினால் என்ற பொருள் நிறைய உண்டு. அதை ஆழமாக ஆராய்ந்த நாடுகளில் மலேசியா முன்னணி. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், மூளையின் வெண்பகுதியில் தழும்பு உள்ள 121 தன்னார்வலர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் இருமுறை 200 மில்லிகிராம் டோகோட்ரையினால், இன்னொன்றுக்கு வெறும் மாத்திரை. முடிவு 2014-ல் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து எடுத்த படத்தில் வெறும் மாத்திரைக் குழுவில் தழும்பின் அளவு கூடியிருந்தது, மருந்துக் குழுவில் கூடவில்லை.

எங்கள் தாத்தா பாட்டி தலையில் சுமந்த செம்பனைக் குலையிலிருந்து இப்படி ஓர் ஆய்வு வந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதே வாயால் சொல்கிறேன்: படத்தில் தழும்பு பெரிதாகாதது வேறு, பக்கவாதம் வராமல் தடுப்பது வேறு. இரண்டாவதை நிரூபிக்க இன்னும் பெரிய சோதனை வேண்டும். செம்பனை எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டால் அந்தப் பலன் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதையும் கேட்கிறார்கள்.

திசுவைப் புதுப்பிக்கும் மருத்துவத்தில் நிரூபணமானது எது?

எலும்பு மஜ்ஜை மாற்று. டான்னல் தாமஸ் 1950களில் தொடங்கிய வேலை, பல ஆண்டு தோல்விகளுக்குப் பிறகு பலித்தது, 1990-ல் நோபல் வாங்கியது. மலேசியாவில் முதன்முதலாக 1987-ல் கோலாலம்பூரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்தார்கள். இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் இதனால் பிழைத்த பிள்ளைகள் இன்று பெரியவர்களாக நடமாடுகிறார்கள்.

தீக்காயத்துக்கு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோல் இன்னொன்று. 2017-ல் வெளியான ஒரு சிகிச்சையை மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். தோல் உரிந்துபோகும் பரம்பரை நோயுள்ள ஒரு சிறுவனுக்கு ஜெர்மனியில், மரபணுவைத் திருத்தி வளர்த்த அவனுடைய சொந்தத் தோலையே உடம்பின் 80 விழுக்காட்டில் ஒட்டினார்கள். இங்கே கோலாலம்பூரிலும் தேசியப் பல்கலைக்கழகத்தின் திசுப் பொறியியல் மையம் நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்து தோல் வளர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. கருவிழி ஓரத்துச் செல்களை வைத்துப் பார்வையை மீட்பதும் நிலைபெற்ற சிகிச்சை. அதில் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் பங்கு உலகம் அறிந்தது.

இவை எல்லாவற்றிலும் எந்தச் செல், எங்கே போய், எந்த வேலையைச் செய்கிறது என்பது தெரியும். ஒரே ஊசியை முட்டிக்கும் மறதிக்கும் சர்க்கரைக்கும் முகச் சுருக்கத்துக்கும் சேர்த்து விற்கிறார்கள் என்றால் அது இந்த வரிசையில் சேராது.

முட்டி வலிக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளலாமா? பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள்.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். அதற்கு முன் இன்னொரு முட்டி ஊசியைப் பார்ப்போம்.

சொந்த இரத்தத்தின் தட்டணுக்களைப் பிரித்து முட்டியில் செலுத்தும் ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஓர் ஆண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2021-ல் வந்த முடிவு இது. அடுத்து, 2023-ல் அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல், கொழுப்பிலிருந்து எடுத்த செல், தொப்புள்கொடித் திசுச் செல் என மூன்றையும், சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டைவிட மேலாக இல்லை.

"ஆனா எங்க அக்காவுக்குச் சரியாயிடுச்சே" என்பார்கள். அக்கா பொய் சொல்லவில்லை. உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் வலி குறைந்ததே! முட்டி வலி ஏறும், இறங்கும். ஏறி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசிக்குப் போவோம், அதனால் அடுத்து இறங்கத்தான் செய்யும். இதைப் பிரித்துக் காட்டத்தான் உப்புநீர்க் குழு தேவைப்படுகிறது.

அந்தப் பணத்தில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் ஓர் ஆண்டு போகலாம். பாஸ்டனில் 1990-ல் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயதுக்காரர்கள் எட்டு வாரம் கால் தசைக்கு எடைப்பயிற்சி செய்தார்கள். வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்பதைப் படித்த நாள் முதல் நான் யாரையும் "வயசாயிடுச்சு, இனிமேல் என்ன" என்று அனுப்பியதில்லை. முட்டி முற்றும் தேய்ந்து போயிருந்தால் மாற்று அறுவை இருக்கிறது, நல்ல அறுவை அது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே? நம் சொந்தச் செல்தானே?

கெடுதல் உண்டு. ஃபுளோரிடாவில் கண் பார்வை குறைந்துவந்த மூன்று பெண்களுக்கு அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செலுத்தினார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்டணம். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பறிபோனது. 2017-ல் மருத்துவ இதழில் வந்தது. பக்கவாதத்துக்காக மூன்று நாடுகளில் முதுகுத் தண்டில் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு அங்கே கட்டி வளர்ந்ததையும், அந்தக் கட்டியில் இருந்தது அவர் செல்லே இல்லை என்பதையும் 2016-ல் பதிவு செய்தார்கள்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 2014-ல் ஜப்பானின் கோபேயில் மசாயோ தகாஹாஷி, நோயாளியின் தோல் செல்லையே தொடக்க நிலைக்குப் பின்னோக்கி மாற்றி, விழித்திரைச் செல்லாக வளர்த்து, எழுபதுகளில் இருந்த ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். உலகில் முதல் முறை. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் 2015-ல் நிறுத்திவிட்டார். நோயாளி காத்திருக்கிறார், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் நிறுத்தியதை இந்தத் துறையின் மிகப் பெரிய செயல்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

மருத்துவராகவும் ஆய்வாளராகவும் ஒரே ஆள் இருப்பது சரியா? நோயாளியைச் சோதனைப் பொருளாக்குவது இல்லையா?

இந்த வேலையில் மிகக் கடினமான இடம் இதுதான். மருத்துவராக எனக்கு, எதிரே இருப்பவருக்கு எது நல்லது என்பது மட்டுமே கவலை. ஆய்வாளராக எனக்கு, இனி வரப்போகும் ஆயிரம் பேருக்குச் சரியான பதில் வேண்டும். பல நாள் இரண்டும் ஒத்துப்போகும். சில நாள் போகாது.

நம் பெரியவர்களிடம் இது இன்னும் சிக்கல். ஒப்புதல் படிவத்தை எடுத்து வைப்பதற்குள், "நீங்க எம்புள்ள மாதிரி டாக்டர், எங்க கையெழுத்து போடணும் சொல்லுங்க" என்பார்கள். அப்படி வாங்கும் கையெழுத்து என் மேல் உள்ள பாசத்துக்குப் போட்டது. சோதனையைப் புரிந்துகொண்டு போட்டதாகாது. அதனால் என் சொந்த நோயாளிகளிடம் நான் ஒப்புதல் வாங்குவதில்லை. எங்கள் குழுவில் அவர்களுக்கு வைத்தியம் பார்க்காத இன்னொருவர், தமிழ்ப் படிவத்தோடு உட்கார்ந்து விளக்குவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பலருக்கு மலாய் படிவத்தைவிடத் தமிழ்தான் கைவரும், வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பார்கள். படித்து முடித்ததும் அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வோம். "ரெண்டு குழு இருக்கு. குலுக்கல்ல வெறும் மாத்திரை எனக்கு விழலாம். டாக்டருக்கும் தெரியாது. வேணாம்னா பாதியிலே நிறுத்திக்கலாம், வைத்தியம் நிக்காது." இந்த நான்கும் வரும்வரை பேனா கைக்குப் போகாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டிவிட்டு வரச் சொல்வோம். சிலர் திரும்பி வருவதில்லை. அவர்களையும் அடுத்த மாதம் கிளினிக்கில் அதே மரியாதையோடு பார்க்கிறேன்.

சோதனை தோற்றால் மனம் விட்டுப்போகாதா?

வலிக்கும். நான்கைந்து ஆண்டு உழைப்பு "வித்தியாசம் இல்லை" என்ற ஒரு வரியில் முடிவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்த வரியை எழுதி வெளியிடாவிட்டால் அதே ஊசியை நாளைக்கு யாரோ ஒரு பாட்டி தன் தங்கச் சங்கிலியை விற்றுப் போட்டுக்கொள்வார். மேலே சொன்ன முட்டிச் சோதனைகள் அந்த மாதிரி முடிவுகள்தானே? அவை எத்தனை குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றியிருக்கும்! வெற்றியை மட்டும் வெளியிடும் ஆய்வாளரை நான் என் குழுவில் சேர்ப்பதில்லை.

பிள்ளை இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

மருத்துவப் பட்டம் ஐந்து ஆண்டு, இரண்டு ஆண்டு ஹவுஸ்மேன் பயிற்சி, பிறகு பொது மருத்துவத்தில் மேற்படிப்பு அல்லது பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி. தேர்வு, அதன்மேல் முதியோர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி, நடுவிலோ கடைசியிலோ முனைவர் பட்டம். முப்பதுகளின் நடுவில்தான் சொந்தக் காலில் நிற்க முடியும். மருந்துச் சோதனை நடத்துவோருக்கான நற்செயல்முறைச் சான்றிதழ் சில நாள் பயிற்சி, அதை ஹவுஸ்மேன் முடித்ததுமே எடுத்துவிடலாம்.

"இளமை மருத்துவம்" என்று ஒரு சிறப்புத்துறை நம் நாட்டு நிபுணர் பதிவேட்டில் கிடையாது. வார இறுதிப் பயிற்சிக்குக் கிடைக்கும் சான்றிதழைச் சுவரில் மாட்டுவதால் யாரும் நிபுணராக மாட்டார்கள். பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் முதியோர் மருத்துவம், இரத்தவியல், எலும்பு, கண், தோல் என்று ஓர் உறுதியான துறையைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆய்வை அதன் மேல் கட்டலாம்.

மருத்துவச் சீட்டு கிடைக்காவிட்டால் உயிர் மருத்துவ அறிவியல், மருந்தியல், புள்ளியியல் வழியாகவும் வரலாம். என் குழுவில் நான் அதிகம் நம்பும் ஆள் புள்ளியியல் படித்தவர். கை வேகம் குறைவு என்று கவலைப்படும் மாணவர்களுக்கு ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகாவைச் சொல்வேன். எலும்பு அறுவைப் பயிற்சியில் மற்றவர்கள் சீக்கிரம் முடிக்கும் அறுவைக்குத் தனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆய்வுக்குப் போனார். 2006-ல் எலியின் முதிர்ந்த செல்லை நான்கு மரபணுக்களால் தொடக்க நிலைக்குக் கொண்டுபோனார், அடுத்த ஆண்டு மனிதச் செல்லை. 2012-ல் நோபல்.

சம்பளம்?

தனியார் மருத்துவமனையைவிடக் குறைவு, குடும்பம் நடத்தப் போதும். 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில் எடுப்பதால் இளையவர்களுக்கு நிச்சயமின்மை அதிகம். மேற்படிப்பு இடத்துக்கும் ஆய்வு நிதிக்கும் அது தடையாக இருக்கிறது. இதை மறைத்துப் பிள்ளைகளை இழுக்க எனக்கு விருப்பமில்லை.

அதிகப் பணம் கிடைக்கும் இளமை கிளினிக்குகளுக்கு ஏன் போகவில்லை?

கூப்பிட்டார்கள், இப்போதும் கூப்பிடுகிறார்கள். போனால் முடிவு தெரியாத மருந்தை முடிவு தெரிந்தது போல விற்க வேண்டியிருக்கும். 1889-ல் பிரௌன்-செகார் என்ற பெரிய உடலியல் அறிஞர், 72 வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். சில வாரத்தில் மற்றவர்கள் அதை விற்கத் தொடங்கிவிட்டார்கள். நேர்மையான மனிதர், தன் உடம்பையே சான்றாக நம்பினார். ஒப்பிட ஒரு குழு இல்லாததுதான் அங்கே குறை. அந்தக் குறையோடு இன்றும் வியாபாரம் நடக்கிறது.

நம் சமூகத்துக்கென்று தனியாகச் சொல்ல ஏதும் உண்டா?

சர்க்கரை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், இந்தியரிடையே விகிதம் எல்லாரையும்விட அதிகம். இரத்தக்குழாய், சிறுநீரகம், கண், தசை எல்லாவற்றையும் அது முன்னதாகவே கிழமாக்கும். இளமை ஊசிக்குச் சேர்த்த பணம் இருந்தால் முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். இரவு உணவில் பருப்பு, முட்டை, மீன் எதுவாவது இருக்கட்டும், தேநீரில் கெட்டிப்பாலைக் குறையுங்கள். இதைச் சொல்லத்தானா இவ்வளவு படித்தீர்கள் என்று ஒரு தாத்தா கேட்டார். ஆமாம், இதைச் சந்தேகமில்லாமல் சொல்வதற்கும் படிக்கத்தான் வேண்டியிருந்தது.

விளம்பரத் தாளைக் காட்டினால் எதைப் பார்ப்பீர்கள்?

செல் சிகிச்சைப் பொருள்களை மருந்து போலவே பதிவு செய்ய வேண்டும் என்ற விதி மலேசியாவில் 2021 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. பொறுப்பு தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையுடையது. அதனால் முதலில் பதிவு எண். மால் (MAL) என்று தொடங்கும் அந்த எண்ணில், இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்தையும் பாருங்கள். டி (T) என்றால் பாரம்பரியப் பொருள், என் (N) என்றால் ஊட்டச்சத்து. இந்த இரண்டுக்கும் பதிவு கிடைத்திருக்கிறது என்பதால் நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணமானதாக அர்த்தமில்லை. அப்புறம், எந்த நோய்க்கு என்று ஒரே ஒரு பெயர் சொல்கிறார்களா என்று பார்ப்பேன். ஊசி போடுபவரின் பெயர் நிபுணர் பதிவேட்டில் எந்தத் துறையில் இருக்கிறது என்று தேடுவேன். "இது ஆய்வுதான்" என்று சொன்னால் நெறிக்குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேட்கச் சொல்வேன்.

உங்கள் ஆய்வில் நானும் சேரலாமா? எவ்வளவு கட்ட வேண்டும்?

ஒரு காசும் கட்ட வேண்டாம். ஆய்வு மருந்துக்கும் அதற்கான பரிசோதனைக்கும் பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் ஆய்வுகளில் போக்குவரத்துச் செலவை நாங்கள்தான் கொடுப்போம். அருகிலிருக்கும் அரசு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவிலோ பல்கலைக்கழக மருத்துவமனையிலோ இப்போது எந்தச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். வயது, சிறுநீரகம், சாப்பிடும் மருந்துகளைப் பார்த்துச் சிலரைத் திருப்பி அனுப்புவார்கள், அது உங்கள் பாதுகாப்புக்காக. வரும்போது எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கேள்வி கேட்கத் தயங்காத ஒரு மகளையோ மருமகனையோ கூட அழைத்து வாருங்கள்.